ஒரு குழாய், ரெண்டு மூக்கு

மாட்டேன் அக்கா. அப்படிச் சொல்ல மாட்டேன்.

தென்காசியிலிருந்து ஓமலூர் வரைக்கும் பஸ் மாறி மாறி வந்திருக்கீங்க, தெரியுது. அப்பா போய் இன்னும் பதினாறு முடியல, அதுவும் தெரியுது. எங்க அம்மா அடுப்படியில நின்னு கண்ணைக் காட்டுறா, சரின்னு சொல்லித் தொலையேன்னு. ஆனா விசேஷத்துக்கு வந்து, உங்க சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு, உங்க அப்பா தில்லைநாயகம் சார் தன்னோட ஆக்சிஜனை எனக்கு விட்டுக் கொடுத்துட்டுத்தான் செத்தார்னு சொல்லணும்னு கேக்குறீங்களே, அது மட்டும் என்னால ஆகாது.

சொன்னா எனக்குத்தான் நல்லதுன்னு சொல்றீங்க. எனக்கும் புரியுது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசல்ல உங்க சித்தப்பா என்னைப் பார்த்து என்ன சொன்னார்? முழுக் காத்தையும் இவளே உறிஞ்சிக்கிட்டா, பெரியவரைச் சாகவிட்டுட்டான்னார். இப்போ நான் வந்து நீங்க சொல்ற மாதிரி சொல்லிட்டா அந்தப் பேச்சு நின்னுரும், எல்லாரும் மன்னிச்சிருவாங்கன்னு அவரே சொல்லி அனுப்பியிருக்கார். எதுக்கு மன்னிப்பு? நான் என்ன செஞ்சேன்?

முதல்லேருந்து சொல்றேன். அழணும்னா அழுங்க. குறுக்கே மட்டும் பேசாதீங்க.

நான் பிளஸ் ஒன் பாதியில நின்னவ. யாரும் நிறுத்தல, நானா நின்னேன். பிடிக்கல, அவ்வளவுதான். ஒரு வருஷம் ஜெராக்ஸ் கடையில இருந்தேன். அந்தக் கடைக்குத்தான் இந்த சர்வே கம்பெனி மேனேஜர் வருவார். இங்க பக்கத்துல விமான நிலையத்துல ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடிச்சு, சின்ன விமானம் ஒண்ணை நிறுத்தி, மலைகளை எல்லாம் மேலேருந்து படம் பிடிச்சு மேப் போடுற கம்பெனி. ஒரு நாள் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு எத்தனை கிலோம்மா நீன்னு கேட்டார். செருப்பைக் கழட்டலாமான்னு யோசிச்சேன். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. விமானத்துல ஆள் எடை குறைஞ்சா அந்த எடைக்கு எரிபொருள் கூடுதலா ஏத்தலாமாம். நான் நாற்பத்து மூணு கிலோ. படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எனக்குப் பிடிச்சுப் போச்சு.

விமானம்னா நீங்க நினைக்கிற விமானம் இல்ல. ஆம்னி வேனுக்கு ரெக்கை வெச்ச மாதிரி இருக்கும். முன்னாடி கேப்டன் மச்சாடோ, தூத்துக்குடிக்காரர். பின்னாடி ரெண்டு சீட்டு, கேமரா ஆபரேட்டரா உங்க அப்பாவும் கூட நானும், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. காலடியில தரையில ஒரு ஓட்டை, அது வழியா கேமரா கீழே பார்த்துக்கிட்டு இருக்கும். பெரிய விமானத்துல உள்ளே காத்தை அழுத்தி அடைச்சு வெச்சிருப்பாங்களாம், அதனால எவ்வளவு உயரம் போனாலும் கீழே இருக்கிற மாதிரி மூச்சு விடலாம். எங்களதுல அது கிடையாது. வெளியே என்ன காத்தோ உள்ளேயும் அதே காத்து. பத்தாயிரம் அடி தாண்டினா காத்து பத்தாது. சிலிண்டர்லேருந்து குழாய் வரும், மூக்குல மாட்டிக்கணும்.

மூச்சு முட்டும்னு நினைக்கிறீங்க இல்ல? முட்டாது. அதுதான் மோசமே. கேப்டன் முதல் நாளே சொன்னார், "நல்லா இருக்குன்னு தோணும் பாரு, அப்பத்தான் பயப்படணும்." சாராயம் குடிச்சவன் மாதிரிதானாம். தான் தள்ளாடுறது தனக்குத் தெரியாது. அதனால அவர் ஒரு வழக்கம் வெச்சிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஹெட்போன்ல வாய்ப்பாடு கேப்பார். பதிமூணு ஏழு எவ்வளவு, பதினேழு எட்டு எவ்வளவு. சரியாச் சொன்னா தலை தெளிவா இருக்குன்னு அர்த்தம்.

நல்ல வழக்கம்தான். ஆனா எங்க ரெண்டு பேர்கிட்ட அது செல்லாது. நான் தரையில நிக்கும்போதே பதிமூணு ஏழு சொல்ல மாட்டேன். உங்க அப்பா செத்தாலும் தப்பாச் சொல்ல மாட்டார். சின்ன வயசுல பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணினவர், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். நான் எப்பவும் தப்பு, அவர் எப்பவும் சரி. இதை வெச்சுக்கிட்டு கேப்டன் என்னத்தைக் கண்டுபிடிப்பார்?

குழாய் விஷயத்துக்கு வர்றேன்.

அந்த விமானத்துல மொத்தம் ரெண்டு குழாய். கேப்டனுக்கு ஒண்ணு, பின்னாடி உங்க அப்பாவுக்கு ஒண்ணு. முன்னாடியெல்லாம் ரெண்டே பேர்தான் போவாங்க. நான் ஏன் வந்தேன்னா, உங்க அப்பாவுக்குக் கண்ணுல புரை. உங்களுக்குத் தெரியாதா? கம்பெனிக்குத் தெரிஞ்சா உட்கார வெச்சிருவாங்கன்னு மறைச்சார். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தாங்க. லேப்டாப்புல ஓடுற நம்பரை நான் படிச்சுச் சொல்லுவேன், அவர் கேமராவைத் திருகுவார். மூணாவது ஆளா நான் ஏறினேன், மூணாவது குழாய் ஏறல. மேனேஜர்கிட்ட கேட்டேன். "மாத்தி மாத்திப் போட்டுக்கோங்கம்மா, அனுசரிச்சுப் போங்க"ன்னார்.

அனுசரிச்சோம். வயல்ல ஏர் ஓட்டுற மாதிரி நேரா ஒரு கோடு போவோம், திரும்பி இன்னொரு கோடு வருவோம். ஒரு கோட்டுக்கு அவர், ஒரு கோட்டுக்கு நான். திரும்புற இடத்துல குழாய் கை மாறும்.

முதல் நாள் முதல் தடவை நான் கழட்டிக் கொடுத்தப்போ உங்க அப்பா என்ன செஞ்சார் தெரியுமா? சட்டைப் பையிலேருந்து ஒரு சின்ன புட்டி எடுத்தார். ஸ்பிரிட். பஞ்சை நனைச்சு, என் மூக்குல இருந்த முனையைத் துடை துடைன்னு துடைச்சார். பொறுமையா, எனக்கு முன்னாடியே. அப்புறம்தான் மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். தண்ணி பாட்டிலை அண்ணாந்து குடிப்பார், சொட்டு உதட்டுல படாது. சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் திறக்க மாட்டார்.

சுத்தம் பார்க்கிறவர்னு சொல்லாதீங்க. இப்போதான் நீங்களே சொன்னீங்க, உங்க பையன் கடிச்சுப் போட்ட முறுக்கை வாங்கித் தின்னுவார், அவ்வளவு பாசம்னு. அப்போ எச்சில் இல்ல பிரச்சினை. யாரோட எச்சில்ங்கிறதுதான். நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும், தெரியாத மாதிரி உட்கார வேண்டாம். அவர் கண்ணுக்கு நான் வேணும். என் மூக்குப் பட்டது மட்டும் ஆகாது.

நானும் சும்மா இருக்கல. மறுநாளே மெடிக்கல் கடையில ஒரு புட்டி வாங்கினேன். அவர் கழட்டிக் கொடுத்ததும் அவருக்கு முன்னாடியே நானும் துடைச்சேன், அவரைவிட ரெண்டு மடங்கு நேரம். முகம் சுருங்கும்னு பார்த்தேன். மனுஷன் சிரிச்சார். "நல்ல பழக்கம்ளா, விட்டுராத"ன்னார், உங்க ஊர்ப் பேச்சுல. எனக்கு இன்னும் எரிஞ்சது. அந்த சீசன் பூரா அப்படியே போச்சு. மேலே வானத்துல ரெண்டு பேர் உட்கார்ந்து மாத்தி மாத்தித் துடைச்சுக்கிட்டு இருப்போம். கேப்டன் எங்களை ஆஸ்பத்திரின்னே கூப்பிடுவார்.

இப்போ அந்த நாள்.

நீலகிரிப் பக்கம் வேலை. மேகம் கூடுறதுக்குள்ள முடிக்கணும். உயரத்துல போனா ஒரே கோட்டுல அகலமாப் படம் விழும், சீக்கிரம் முடியும், பதினேழாயிரம் அடிக்கு ஏறிருங்கன்னு மேனேஜர் காலையில சொன்னார். அவ்வளவு உயரம் நாங்க போனதே இல்ல. கோடும் நீளம், வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு. அதே ஒரு குழாய். இதை யாராவது உங்க சித்தப்பாகிட்ட சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க.

முதல் கோடு எனக்கு. ரெண்டாவது கோடு அவருக்கு. அந்த ரெண்டாவது கோட்டுல நான் குழாய் இல்லாம இருந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல. இதை நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா இங்கதான் கேப்டன் வேற கதை சொல்றார். நான் நல்லா இருந்தேன். ரொம்ப நல்லாவே இருந்தேன். வெயில் அழகா இருந்தது, மலையெல்லாம் கழுவி வெச்ச மாதிரி இருந்தது, வாழ்க்கையில மொத தடவையா எல்லாம் சரியாப் போகுதுன்னு தோணுச்சு. கேப்டன் பதினேழு எட்டு கேட்டார். நூத்து முப்பத்தாறுன்னு பட்டுன்னு சொன்னேன். எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த சீசன்லேயே நான் சரியாச் சொன்னது அது ஒண்ணுதான்.

கேப்டன் என்ன சொல்றார்னா, பதினேழு எட்டு கேட்டதுக்கு நான் "வேண்டாம், வயிறு ரொம்பிருச்சு"ன்னு சொன்னேனாம். அதைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம். என் உதடு நீலமா இருந்ததாம். உங்க அப்பாவுக்குக் கையைக் காட்டினாராம், அவளுக்குக் கொடுங்கன்னு. அவர் உடனே தன் மூக்குலேருந்து கழட்டி எனக்குக் கொடுத்தாராம்.

நான் கேக்குறேன். நீலமா இருந்ததைப் பார்த்த மனுஷன் ஏன் விமானத்தை இறக்கல? விமானம் அவர் கையிலதானே இருக்கு, கையைக் காட்டுறதுக்கு பதிலா அந்தக் கையாலேயே அமுக்கி கீழே கொண்டு வந்திருக்கலாமே? கோடு கெட்டுரும்னுதானே? ஒண்ணு, அவர் சொல்றது பொய். இல்லாட்டி, ஒரு பொண்ணு நீலமா இருக்கும்போது படம்தான் முக்கியம்னு ஓட்டியிருக்கார். இதுல எதுன்னு அவரே சொல்லட்டும். நான் நேர்ல கேட்டேன்.

பாதிக் கோட்டுலேயே உங்க அப்பா கழட்டிக் கொடுத்தது நிஜம். இல்லைன்னு சொல்லல. என் மடியில போட்டார். போட்டார்னுதான் சொல்லுவேன், நான் பார்த்தது அதுதான். "போட்டுக்கோ ளா, போட்டுக்கோ"ன்னார். அவர் முறை முடியலையே, எதுக்கு இந்த அவசரம்னு நினைச்சேன். இருந்தாலும் என் புட்டியை எடுத்தேன். அன்னிக்குன்னு மூடி திறக்கவே இல்ல, விரல் வழுக்கிக்கிட்டே இருந்தது. அவரே வாங்கித் திறந்து கொடுத்தார். துடைச்சேன், மாட்டினேன். மாட்டினதும் வெயில் இன்னும் பளிச்சுன்னு ஆச்சு, லைட் போட்ட மாதிரி. மேகம் விலகியிருக்கும்.

மூணாவது கோடு என்னோட முறை, நான் போட்டிருந்தேன். அது முடிஞ்சதும் கழட்டி நீட்டினேன். அவர் தன் புட்டியை எடுத்தார். காலி. குலுக்கிப் பார்த்தார், மறுபடியும் குலுக்கினார். என் புட்டி என் பையிலதான் இருந்தது. நான் எதுக்கு நீட்டணும்? கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். கேக்கல.

அப்புறம் என்ன செஞ்சார்னா, அந்தக் குழாயை மூக்குல மாட்டல. முகத்துக்கு முன்னாடி ரெண்டு விரல் இடைவெளி விட்டுப் பிடிச்சுக்கிட்டார். தண்ணியை அண்ணாந்து குடிப்பார் இல்ல, அதே மாதிரி. காத்தை அண்ணாந்து குடிக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. பதினேழாயிரம் அடியில உயிரே போற இடத்துலகூட என் எச்சில் ஆகலையா உனக்குன்னு வாய் வரைக்கும் வந்தது. பெரியவர்னு விட்டேன். கொஞ்ச நேரத்துல அதையும் என்கிட்டயே நீட்டிட்டார்.

"நீயே வெச்சுக்கோ ளா. எனக்கு ரொம்ப நல்லா இருக்கு."

வேண்டாம்னா போன்னு வாங்கி மாட்டிக்கிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஆமா அக்கா, ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னா பயப்படணும்னு கேப்டன் சொன்னது எனக்கும் தெரியும். ஆனா கோபத்துல இருக்கும்போது அது யாருக்கு ஞாபகம் வரும்? உங்களுக்கு வருமா?

நாலாவது கோட்டுல கேப்டன் வாய்ப்பாடு கேட்டார். உங்க அப்பா சொன்னார். கேட்டதைச் சொல்லிட்டு நிறுத்தல, ஓரெட்டு, ஈரெட்டு, மூவெட்டுன்னு ஆரம்பத்துலேருந்து ராகமாப் பாடினார். ஒரு தப்பு இல்ல. பெரியவர் குஷியா இருக்கார்னு கேப்டன் சிரிச்சார். நான் நம்பர் படிச்சேன், அவர் கேமராவைத் திருகல. சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு இருந்தார். திரும்பிப் பார்த்தேன், உதடு நாவல்பழம் தின்ன மாதிரி இருந்தது. வாய்ப்பாடு மட்டும் நிக்கவே இல்ல. அப்புறம் அதுவும் நின்னு, தலை என் தோள் மேல சாய்ஞ்சது.

தள்ளிவிட்டேன். அதையும் சொல்லிடுறேன். என் குழாய் ஆகாது, என் தோள் மட்டும் ஆகுமான்னு தள்ளிவிட்டேன். தலை அந்தப் பக்கம் போய் சொத்துன்னு விழுந்தது. அப்பத்தான் கத்தினேன். கேப்டன் விமானத்தோட மூக்கைக் கீழே குத்தி இறக்கினார், காதுக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருந்தது. நான் என் குழாயைக் கழட்டி அவருக்கு மாட்டினேன். துடைக்கல. அவர் எதுவும் சொல்லல.

மீதி உங்களுக்குத் தெரியும். ரத்தம் ஏற்கெனவே குறைவா இருந்ததாம், இதயம் ஏற்கெனவே பலவீனமாம். டாக்டர் ஏற்கெனவே ஏற்கெனவேன்னே பேசினார். மூணாம் நாள் முடிஞ்சு போச்சு.

இப்போ எல்லாருக்கும் உங்க அப்பா தியாகி ஆகணும். கேப்டனுக்கு ஆகணும், ஏன்னா தியாகின்னா அவர் ஏன் இறக்கலைன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மேனேஜருக்கு ஆகணும், தியாகின்னா குழாயை யாரும் எண்ண மாட்டாங்க. உங்க சித்தப்பாவுக்கு அது பெருமை. எங்க அம்மாவுக்கு என் மேல இருக்கிற பழி போகணும். உங்களுக்கு... உங்களைச் சொல்லல அக்கா. நீங்க அப்பாவை நினைச்சுக் கேக்குறீங்க.

நேத்து மேனேஜர் போன் பண்ணினார். அடுத்த வாரத்துலேருந்து வேலை இருக்கு, வந்துரும்மான்னார். குழாய் வாங்கியாச்சான்னு கேட்டேன். அதுக்குச் சொல்றார், புதுசா வர்ற ஆபரேட்டர் சின்னப் பையன்தான், அந்த மாதிரி ஆச்சாரமெல்லாம் பார்க்க மாட்டான், ரெண்டு பேரும் அனுசரிச்சுக்கோங்கன்னு. உங்க அப்பா செத்ததுலேருந்து அந்த ஆளுக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்.

வந்ததும் வராததுமா நீங்க கேட்டீங்களே, அப்பா உன்னை அருவருத்தாரா, இல்ல உனக்காக விட்டாரா, ஒண்ணைச் சொல்லுன்னு. அருவருத்தார்னுதான் நான் சொல்லுவேன். சீசன் பூரா பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவ நான். நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க. அந்த நேரத்துல அவர் தலைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது. அந்த உயரத்துல தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, ஏன்னா எனக்கு ஒண்ணும் ஆகல. சும்மா அப்படிப் பார்க்காதீங்க. ஆகல.

பதினாறுக்கு வர்றேன். வர மாட்டேன்னு சொல்லவே இல்லையே. உங்க சித்தப்பா முன்னாடி, கேப்டன் வந்தா அவர் முன்னாடியும், எழுந்து நின்னு சொல்றேன். மூணு பேரை ஏத்திட்டு ரெண்டு குழாய் கொடுத்தாங்கன்னு சொல்றேன். இன்னொரு குழாய் இருந்திருந்தா உங்க அப்பா என்னை அருவருத்துக்கிட்டே இன்னும் இருபது வருஷம் உயிரோட இருந்திருப்பார், நானும் அவரைத் திட்டிக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்து நம்பர் படிச்சிருப்பேன்னு சொல்றேன். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுத்திருக்கவே வேண்டாம்.

அதைத்தான் சொல்லுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

இப்போ சொல்லுங்க. கூப்பிடுறீங்களா?